கொடுத்த வரியும் கேட்க வேண்டிய கணக்கும்



  

வரி என்ற சொல்லைக் கேட்டவுடன், அது பெரும் வியாபாரிகளுக்கும் உயர்ந்த சம்பளம் பெறும் உத்தியோகத்தர்களுக்கும் உரிய விடயம் என்று எண்ணி நம்மில் பலர் ஒதுங்கிக் கொள்கின்றனர். "நான் ஒரு கூலித் தொழிலாளி, எனக்கும் வரிக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்போரும் உளர். இந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை முதலில் விளங்கிக் கொள்ள வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு வாங்கப்படும் சவர்க்காரத்திலே வரி இருக்கின்றது. தேநீரில் இடும் சீனியிலே இறக்குமதி வரி இருக்கின்றது. கைத்தொலைபேசிக்கு ரீலோட் செய்யும்போதும், முச்சக்கர வண்டிக்குப் பெற்றோல் அடிக்கும்போதும் வரி செலுத்துகின்றோம். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதலாம் திகதி 18 வீதமாக உயர்த்தப்பட்டது. அந்த வரிக்குட்பட்ட பொருளொன்றை 1180 ரூபாய் கொடுத்து வாங்கும் ஒருவர், அதில் 180 ரூபாயை அரசாங்கத்துக்குக் கொடுத்துவிட்டே வீடு திரும்புகின்றார். அவர் கோடீஸ்வரராக இருந்தாலும் 180 ரூபாய்தான். அன்றாடம் மூட்டை சுமந்து பிழைப்பவராக இருந்தாலும் அதே 180 ரூபாய்தான். அப்படியாயின் வரி செலுத்தாதவர் இந்நாட்டில் எவர்?

எனவே இன்றைய உரையின் சாராம்சத்தை ஆரம்பத்திலேயே கூறிவிடுகின்றேன். நாம் அனைவரும் கொடுக்கின்றோம். ஆனால் கொடுத்ததற்குக் கணக்குக் கேட்பதில்லை. தான் கொடுப்பதை அறியாத மக்கள் கணக்குக் கேட்க மாட்டார்கள். கணக்குக் கேட்கப்படாத ஆட்சி கெட்டுப் போகும். வளர்முக நாடுகள் பலவற்றின் துயரத்துக்கு இது ஒரு முக்கிய காரணமாகும்.

கண்ணியத்திற்குரியவர்களே! பொதுப்பணம் ஓர் அமானிதம். அது யாரிடம் ஒப்படைக்கப்பட்டதோ அவர் அதற்குப் பதில் கூறக் கடமைப்பட்டவர். புகாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் இடம்பெறும் ஒரு சம்பவத்தை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஸக்காத் வசூலிப்பதற்காக அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பி வந்து, ஒரு பகுதியை இது உங்களுக்குரியது என்றும், மற்றொரு பகுதியை இது எனக்கு அன்பளிப்பாகத் தரப்பட்டது என்றும் பிரித்து வைத்தார். அவர் தமது தாய் தந்தையரின் வீட்டிலேயே அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். அத்துடன் விடயம் முடிந்துவிடவில்லை. மிம்பரில் ஏறி, மக்கள் முன்னிலையில் அதைப் பற்றிப் பேசினார்கள். இங்கே நாம் கவனிக்க வேண்டியது இதுதான். பொதுப்பணத்தின் கணக்கு மூடிய கதவுக்குள் பேசப்படவில்லை, பகிரங்கமாகப் பேசப்பட்டது.

பிற்காலத்தில் கலீஃபா ஹாரூன் அர்ரஷீத், அரச வருமானத்தை எவ்வாறு ஒழுங்கு செய்வது என்று கேட்டபோது, இமாம் அபூ யூஸுஃப் (ரஹ்) அவர்கள் "கிதாபுல் கராஜ்" என்ற நூலை எழுதினார்கள். அரசனின் பொக்கிஷத்தை நிரப்பும் தந்திரங்களை மட்டும் அவர்கள் அதில் எழுதிக் கொடுக்கவில்லை. வரி வசூலிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விடுவதைக் கண்டித்தார்கள். ஏனெனில் குத்தகைக்கு எடுத்தவன் தன் இலாபத்துக்காக மக்களைக் கசக்கிப் பிழிவான். வரி செலுத்துவோரை அடித்துத் துன்புறுத்துவதைத் தடுத்தார்கள். வசூலிப்போரின் நடத்தையை விசாரிக்குமாறும் ஆட்சியாளருக்கு அறிவுரை கூறினார்கள்.

இன்னுமொரு சம்பவம் வரியின் நிபந்தனையை இன்னும் தெளிவாகக் காட்டுகின்றது. 1258 ஆம் ஆண்டு பக்தாத் நகரம் மங்கோலியரிடம் வீழ்ந்தது. அடுத்து அவர்கள் எகிப்தை நெருங்கினார்கள். படை திரட்டுவதற்காக மக்கள் மீது புதிய வரி விதிக்க விரும்பிய எகிப்தின் ஆட்சியாளர் குதுஸ், உலமாக்களைக் கூட்டி ஆலோசனை கேட்டார். அச்சபையில் இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் வரிக்கு அனுமதி அளித்தார்கள். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தார்கள். முதலில் பைத்துல்மாலில் உள்ளது செலவாக வேண்டும். தளபதிகளிடம் குவிந்து கிடக்கும் பொன்னும் ஆபரணங்களும் விற்கப்பட வேண்டும். பொதுமக்களுக்கு இருப்பதே அவர்களுக்கும் இருக்கும் நிலை வர வேண்டும். அதன் பின்னரே பொதுமக்களிடம் கை நீட்டலாம் என்பதே அந்த நிபந்தனை. ஹிஜ்ரி 658 ஆம் ஆண்டு ரமழானில், அதாவது 1260 செப்டெம்பரில், ஐன் ஜாலூத் போர்க்களத்தில் அந்தப் படை மங்கோலியரைத் தோற்கடித்தது.

சிந்தித்துப் பாருங்கள். எதிரி வாசலுக்கு வந்துவிட்ட வேளையிலும்கூட, "உன்னிடம் உள்ளதை முதலில் காட்டு" என்று கேட்கும் உரிமை கைவிடப்படவில்லை. வரி தேவையில்லை என்றும் அந்த அறிஞர் கூறவில்லை. கொடுப்போம், ஆனால் நிபந்தனையோடு கொடுப்போம் என்றார். வரி என்பது ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் இடையிலான ஓர் உடன்படிக்கை என்பதை இதைவிட நன்றாக விளக்க முடியுமா?

அன்பு நேயர்களே! இனி நமது காலத்துக்கு வருவோம். ஓர் அரசாங்கத்துக்குப் பணம் பல வழிகளில் வருகின்றது. மக்களின் வரி ஒன்று. எண்ணெய், கனிமம் போன்ற இயற்கை வளங்கள் மற்றொன்று. வெளிநாட்டு உதவியும் கடனும் இன்னொன்று. வரியால் வாழும் ஆட்சியாளர் மக்களிடம் வந்தே ஆக வேண்டும். அவர்களுடைய சம்மதம் அவருக்குத் தேவை. எண்ணெய்க் கிணற்றினாலோ கடனினாலோ வாழும் ஆட்சியாளருக்கு அந்தத் தேவை குறைவு. கிணறு கேள்வி கேட்பதில்லை. கடன் கொடுத்தவன் கேள்வி கேட்டாலும், தன் பணம் திரும்பி வருமா என்றுதான் கேட்பானே தவிர, உங்கள் ஊர் வைத்தியசாலையில் மருந்து இருக்கின்றதா என்று கேட்க மாட்டான்.

இதற்கு ஆபிரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு. சோமாலியாவை 1969 முதல் 1991 வரை ஆண்ட ஸியாத் பர்ரேயின் ஆட்சி, முதலில் சோவியத் யூனியனின் உதவியிலும் பின்னர் அமெரிக்காவின் உதவியிலும் தங்கியிருந்தது. பிடித்து நிறுத்தும் மக்கள் ஆதரவு அதற்கு இருக்கவில்லை. 1991 இல் அது சரிந்தபோது நாடே சிதறியது. அதே ஆண்டு வடக்கே இருந்த சோமாலிலாந்து தன்னைத் தனிநாடாகப் பிரகடனம் செய்தது. அக்காலத்தில் எந்த நாடும் அதை அங்கீகரிக்காததால், அதன் அரசாங்கத்துக்கு வெளிநாட்டுக் கடன் கிடைக்கவில்லை; உதவியும் மிகச் சொற்பமே. அதற்கிருந்த பெரிய வருமானம், ஆடு மாடுகள் ஏற்றுமதியாகும் பெர்பெரா துறைமுகத்தின் வரியாகும். 1992 இல் அத்துறைமுகத்தைப் படைபலத்தால் கைப்பற்ற அரசாங்கம் முயன்றது, முடியவில்லை. 1993 இல் போராமா என்ற ஊரில் பல மாதங்கள் நீடித்த மாநாட்டில், கோத்திரத் தலைவர்கள் ஒன்றுகூடிப் பேசி, எல்லோருக்கும் பங்குள்ள ஆட்சிமுறை ஒன்றை வகுத்தனர். அதன் பின்னர் துறைமுக வருமானம் இணக்கத்தின் மூலம் அரசாங்கத்தை வந்தடைந்தது. அங்கு குறைகள் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆயினும், பலாத்காரத்தால் பெற முடியாத வருமானத்துக்காக மக்களோடு பேச வேண்டி வந்ததே அங்கு ஓரளவு பொறுப்புக்கூறல் உருவாக வழிவகுத்தது என ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டுகின்றனர்.

இப்பொழுது நமது தாய்நாட்டைப் பார்ப்போம். 1990 களின் ஆரம்பத்தில் இலங்கை அரசாங்கத்தின் வரி வருமானம், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 19 வீதமாக இருந்தது. அது படிப்படியாகக் குறைந்து 2019 இல் ஏறத்தாழ 12 வீதத்துக்கு வந்தது. வருமானம் குறைந்ததே தவிர, செலவு குறையவில்லை. இடைவெளியைக் கடன் நிரப்பியது.

2019 ஆம் ஆண்டின் இறுதியில் பெரும் வரிக்குறைப்பு அறிவிக்கப்பட்டது. பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. அந்த வரிக்காகப் பதிவு செய்ய வேண்டிய வருடாந்தப் புரள்வு எல்லை, 1 கோடியே 20 இலட்சம் ரூபாயிலிருந்து 30 கோடி ரூபாயாக உயர்த்தப்பட்டது. உழைக்கும்போதே செலுத்தும் வரி நீக்கப்பட்டது. மக்கள் மகிழ்ந்தார்கள். வியாபாரிகள் மகிழ்ந்தார்கள். வரி குறைந்தால் எந்தச் செலவு குறையும், அல்லது அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

குறைந்த வரியே அதிக வருமானம் தரும் என்பதற்கு அறிஞர் இப்னு கல்தூன் (ரஹ்) அவர்களைச் சான்று காட்டுவோர் உண்டு. ஓர் அரசின் தொடக்க காலத்தில் வரி குறைவாக இருந்தும் வருமானம் அதிகமாக இருக்கும் என்றும், அதன் முடிவுக் காலத்தில் வரி அதிகமாக இருந்தும் வருமானம் குறைவாக இருக்கும் என்றும் அவர் "முகத்திமா"வில் எழுதியது உண்மை. ஆனால் தொடக்க கால ஆட்சியாளர்கள் எளிமையாக வாழ்ந்தார்கள், அவர்களுடைய செலவு குறைவாக இருந்தது என்பதையும் அவரே விளக்குகின்றார். எளிமையை விட்டுவிட்டுக் குறைந்த வரியை மட்டும் எடுத்துக் கொள்வது, மருந்தை விட்டுவிட்டுப் போத்தலை மட்டும் வீட்டுக்குக் கொண்டு போவது போன்றதாகும்.

விளைவு என்ன? 2020 இல் வரி வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 8 வீதமாகச் சரிந்தது. கொவிட் நோய் சுற்றுலாத் துறையை முடக்கியது. நாட்டின் கடன் தரம் தாழ்த்தப்பட்டது. சர்வதேசச் சந்தையில் புதிய கடன் பெறும் வழி அடைபட்டது. மத்திய வங்கி பணத்தை அச்சிட்டது. 2021 இல் இரசாயன உர இறக்குமதியும் தடை செய்யப்பட்டு விவசாயமும் அடி வாங்கியது. 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. அந்த வருடம் எரிவாயு சிலிண்டருக்காகவும் மண்ணெண்ணெய்க்காகவும் நாம் நின்ற வரிசைகளை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தை எட்டியது. 2019 இல் குறைந்த வரி, 2022 இல் விலைவாசியாக உருமாறித் திரும்பி வந்தது. பாராளுமன்றத்தில் நிறைவேற்றப்படாத வரி அது. ஏழையின் சோற்றுப் பானையிலிருந்து அறவிடப்பட்ட வரி அது.

சீனியின் கதையையும் கேளுங்கள். 2020 ஒக்டோபர் 13 ஆம் திகதி, இறக்குமதி செய்யப்படும் ஒரு கிலோ சீனி மீதான விசேட வியாபாரப் பண்ட வரி 50 ரூபாயிலிருந்து 25 சதமாகக் குறைக்கப்பட்டது. அதன் பயன் கடையில் சீனி வாங்கியவரைச் சென்றடையவில்லை. அரச வருமானத்திலோ ஏறத்தாழ 1600 கோடி ரூபாய் இழக்கப்பட்டது. இது எவ்வாறு வெளியே வந்தது? அரச நிதியை ஆராயும் பாராளுமன்றக் குழுவும் தேசிய கணக்காய்வு அலுவலகமும் கேள்வி கேட்டதால் வெளியே வந்தது. கேள்வி கேட்கும் நிறுவனங்கள் ஒரு நாட்டுக்கு எவ்வளவு அவசியம் என்பதற்கு இது போதாதா?

2023 நவம்பர் 14 ஆம் திகதி நமது உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும் நினைவில் வைக்க வேண்டியதாகும். முன்னாள் ஜனாதிபதிகள் இருவர், முன்னாள் நிதியமைச்சர், மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் உள்ளிட்டோர், பொருளாதாரத்தைக் கையாண்ட விதத்தினால் மக்களின் அடிப்படை உரிமையை மீறினர் என்று ஐந்து நீதியரசர்களுள் நால்வர் தீர்மானித்தனர். அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் சில பிரஜைகளும் ஒரு சிவில் அமைப்பும் ஆவர். வாள் ஏந்தவில்லை, கல் எறியவில்லை. சட்டத்தின் மூலம் கணக்குக் கேட்டார்கள்.

பெற்றோர்களே! இவ்விடத்தில் இரண்டு தவறான மனப்பான்மைகளைச் சுட்டிக்காட்ட விரும்புகின்றேன்.

முதலாவது, "மேலே இருப்பவர்கள் திருடுகின்றார்கள்; ஆகவே நான் வரியை மறைத்தால் என்ன?" என்ற வாதமாகும். நாங்கள் ஸக்காத் கொடுக்கின்றோமே என்றும் சிலர் இதனோடு சேர்த்துச் சொல்வதுண்டு. ஸக்காத் ஒரு வணக்கம். அதைப் பெறத் தகுதியானோர் வகுக்கப்பட்டுள்ளனர். பாதைக்குத் தார் ஊற்றவும் அரச வைத்தியசாலைக்கு மருந்து வாங்கவும் அரச பாடசாலை ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கவும் நாட்டின் பொதுவருமானம் வேண்டும். வருமானத்தை மறைப்பவர் அரசியல்வாதியைத் தண்டிப்பதில்லை. அவர் கொடுக்காத தொகையை ஈடு செய்வதற்காகச் சவர்க்காரத்தின் மீதும் எரிபொருளின் மீதும் வரி கூடுகின்றது. தண்டிக்கப்படுபவர் பக்கத்து வீட்டு விதவைத் தாய். அது மட்டுமன்று. கள்ளக் கணக்கு எழுதியவருக்கு, மற்றவரின் கள்ளக் கணக்கைப் பற்றி வாய் திறக்கும் தைரியம் வருமா? வரி ஏய்ப்பவரின் நாவும் கட்டப்பட்டு விடுகின்றது.

இரண்டாவது, "நமக்கேன் வம்பு?" என்று மௌனமாகக் கொடுத்துவிட்டுப் போகும் மனப்பான்மையாகும். இது பணிவு போலத் தோன்றும். உண்மையில் இது அமானிதத்தைக் காவலின்றி விட்டுவிடுவதாகும். தேர்தல் காலத்தில் தரப்படும் ஓர் உலர் உணவுப் பொதியை வாங்கிக் கொண்டு, ஐந்து வருடங்கள் கேள்வி கேட்காமல் இருப்பது நியாயமா? அந்தப் பொதியின் விலையைப் போல் பல மடங்கை நீங்கள் ஏற்கனவே வரியாகக் கொடுத்துவிட்டீர்கள் அல்லவா?

வாலிபச் சகோதரர்களே! சகோதரிகளே! நாம் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல.

முதலில், கடையில் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். உங்களிடம் வரியாக அறவிடப்பட்ட பணம் அரசாங்கத்தைச் சென்றடைய அது ஒரு சாட்சி. வியாபாரம் செய்யும் சகோதரர்கள், மக்களிடம் வரி என்று சொல்லிப் பெற்ற பணம் தமது இலாபம் அல்ல என்பதை உணர வேண்டும். அது பிறருடைய பணம்.

அடுத்து, உங்கள் ஊரின் கணக்கைத் தெரிந்து கொள்ளுங்கள். வீட்டுக்குச் சோலை வரி செலுத்துகின்றீர்கள். அந்தப் பணத்தில் எத்தனை வீதி விளக்குகள் போடப்பட்டன? வடிகான் எப்போது துப்புரவு செய்யப்பட்டது? சந்தைக் கடைகள் எவ்வளவுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன? 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இவற்றைக் கேட்கும் உரிமையை ஒவ்வொரு பிரஜைக்கும் தந்திருக்கின்றது. பிரதேச சபையிலோ நகர சபையிலோ உள்ள தகவல் அலுவலரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். ஏன் கேட்கின்றீர்கள் என்று காரணம் கூற வேண்டிய அவசியமில்லை. தகவலைத் தருவதா இல்லையா என்று அவர் பொதுவாக 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்ய ஆணைக்குழு உண்டு. கல்விப் பொதுத் தராதர உயர்தரம் படிக்கும் ஒரு மாணவர், தமது தந்தையாருக்காக ஒரு மணித்தியாலத்தில் எழுதிக் கொடுக்கக்கூடிய விண்ணப்பம் அது.

மூன்றாவதாக, இந்தப் பழக்கத்தை நம் வீட்டிலிருந்தும் மஹல்லாவிலிருந்தும் தொடங்க வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகத்திடம் கணக்குக் கேட்கும் இளைஞனைக் குழப்பக்காரன் என்று சில ஊர்களில் பெயர் சூட்டி ஒதுக்கி வைக்கின்றோம். உள்ளூரில் பத்தாயிரம் ரூபாய்க்குக் கணக்குக் கேட்டவனை அடக்கிவிட்டு, அவன் பெரியவனானதும் நாட்டின் கோடிகளுக்குக் கணக்குக் கேட்பான் என்று எதிர்பார்க்கலாமா? பள்ளிவாசலின், மத்ரஸாவின், ஸக்காத் குழுவின் வரவு செலவை எல்லோரும் காணும் பலகையில் ஒட்டுங்கள். நேர்மையான நிர்வாகிக்கு அது பாதுகாப்பு. அவர் மீது வீண் சந்தேகம் எழாது. கேட்கின்ற இளைஞரும் ஒழுக்கத்தோடு கேட்க வேண்டும். ஆதாரமின்றி ஒருவரைத் திருடன் என்று பேசுவது கணக்குக் கேட்பதாகாது, அது அவதூறாகும்.

அன்பார்ந்தவர்களே! 2022 இல் நாம் பட்ட துன்பத்திலிருந்து ஒரு பாடத்தையாவது நம் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்வோம். இனி எந்த அரசியல் மேடையிலாவது "வரியைக் குறைப்போம்" என்று சொல்லப்பட்டால், கைதட்டுவதற்கு முன், எந்தச் செலவைக் குறைப்பீர்கள் என்று கேளுங்கள். "வரியைக் கூட்டுகின்றோம்" என்று சொல்லப்பட்டால், திட்டுவதற்கு முன், உங்கள் வாகனங்களையும் வீண் செலவுகளையும் முதலில் குறைத்தீர்களா என்று கேளுங்கள். எகிப்தின் அரசவையில் அந்த இமாம் கேட்டதும் அதைத்தானே!

நேர்மையாகக் கொடுக்கவும், பயமின்றிக் கேட்கவும், நம்மிடம் ஒப்படைக்கப்பட்டதற்குத் தயக்கமின்றிக் கணக்குக் காட்டவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.